வானத்தில் 425 யானைகள்

(எமது சங்கத்தின் வாசகர் மாலையில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டதற்கு இணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



நான் ஏ.எல். உடன் படிப்பை விட்டவன். இப்போது ஒரு பாண் பெக்ரரியில் இரவு வேலை செய்கிறேன். இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று கதைக்கச் சொல்லித் தலைவர் அண்ணை கேட்டபோது, “நீர் வாசிக்கிற ஆள்தானே, வாசிச்சதைச் சொல்லும், காணும்” என்றார். ஆகவே ஒரு வாசகனாக மட்டும் சில விடயங்களை உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

எடுத்துக்கொண்ட விடயம் மாய யதார்த்தம். மாந்திரீக யதார்த்தம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. பெயரைக் கேட்டு ஒருவரும் பயப்பட வேண்டாம். நடக்கவே முடியாத ஒரு விடயத்தை, நாளாந்தம் நடக்கிற விடயங்களோடு சேர்த்து, அதே குரலில் சொல்லுகிற கதைமுறைக்குத்தான் இந்தப் பெயர். இதில் ‘அதே குரலில்’ என்பதுதான் முக்கியம்.

பேய்க்கதையில் பேய் வந்தால் ஆட்கள் அலறுவார்கள். புராணத்தில் கடவுள் தோன்றினால் அடியார் விழுந்து கும்பிடுவார். பிள்ளைகள் வாசிக்கிற ஹரி பொட்டர் கதையில் மந்திரத்துக்கென்று தனிப் பள்ளிக்கூடமே இருக்கிறது, அங்கே போவதற்கு ஒரு தனி ரயில் எடுக்க வேண்டும். மாய யதார்த்தத்தில் தனி உலகம் கிடையாது. குசினிக்குள், சந்தையில், கந்தோரில்தான் அதிசயம் நடக்கும். யாரும் அலறமாட்டார்கள். அடுப்பில் இருப்பதைக் கிளறிக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைத் தொடருவார்கள்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கொலம்பியா நாட்டு எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் எழுதிய ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்னும் நாவல். ஸ்பானிய மொழியில் 1967 இல் வெளிவந்தது. 1982 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2013 இல் காலச்சுவடு பதிப்பகம் இதைத் தமிழில் கொண்டு வந்தது. 2024 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் தொடராகவும் வந்திருக்கிறது. மாக்கொண்டோ என்ற கற்பனை ஊரில் புயெந்தியா என்னும் ஒரு குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கதை. பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைக்கிற வழக்கம் எங்களுக்கு இருப்பது போல அவர்களுக்கும் இருக்கிறது. அதனால் யார் எந்த அவுரேலியானோ, யார் எந்த ஹொசே ஆர்காதியோ என்று கொஞ்சம் குழம்பும். நான் பாண் பெட்டி மட்டையில் வம்சாவளி கீறி வைத்துத்தான் வாசித்தேன்.

மார்க்வெஸ் 1927 இல் அரகதாக்கா என்னும் சிறிய ஊரில் பிறந்தவர். சிறு வயதில் தாயின் பெற்றோரிடம் வளர்ந்தார். பாட்டனார் 1899 முதல் 1902 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கேணலாக இருந்தவர். ஆகவே அவர் சொல்லுவது போர்க் கதை. பாட்டியார் சொல்லுவது ஆவிகளின் கதை, சகுனம், கனவு. அந்தப் பாட்டி எப்பேர்ப்பட்ட அதிசயத்தைச் சொன்னாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காதாம். அடுத்த வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொல்லுவது போலச் சொல்லுவாவாம். தனது நாவலை எந்தக் குரலில் எழுதுவது என்று பல வருடங்களாகத் தேடி, கடைசியில் பாட்டியின் குரலில்தான் எழுதவேண்டும் என்று கண்டுகொண்டதாக மார்க்வெஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் குரலை எங்களுக்கும் தெரியும். என்னுடைய அம்மம்மா காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு சொல்லுவா: “ராத்திரி முனி வடலிப் பக்கத்தாலை போனது. நீ அங்காலை போகாதை. போய் ஆட்டுக்குக் குழை ஒடிச்சுப் போடு.” முனிக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல் என்று அவவிடம் இருக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே குரல்தான். ஆகவே இந்த இலக்கியம் எங்களுக்கு முழுக்க அந்நியமானது என்று நினைக்கத் தேவையில்லை.

சரி, பாட்டியின் குரல் மட்டும் போதுமா? போதாது. அதற்கு ஒரு தொழில்நுட்பமும் இருக்கிறது. மார்க்வெஸ் 1981 இல் ஒரு பேட்டியில் அதை விளக்கினார். வானத்தில் யானைகள் பறக்கின்றன என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். வானத்தில் 425 யானைகள் பறக்கின்றன என்று சொல்லிப் பாருங்கோ, நம்புவதற்கு ஆட்கள் வருவார்கள் என்பது அவருடைய கருத்து. பத்திரிகையாளராக இருந்து பழகிய வித்தை இது. பொய்யை நம்பவைப்பது எண்ணும் அளவும் நேரமும்தான்.

நாவலில் ஒரு பாதிரியார் சூடான சொக்லேற் பானம் குடித்துவிட்டுத் தரையிலிருந்து மேலே எழும்புகிறார். எவ்வளவு உயரம்? சரியாக 12 சென்ரிமீற்றர். மலை உயரம் எழும்பினால் அது புராணம். 12 சென்ரிமீற்றர் என்றால், யாரோ அடிமட்டம் வைத்து அளந்திருக்கிறார்கள் போல இருக்கிறது, பாருங்கோ.

இன்னோர் இடத்தில் மகன் தன் வீட்டில் சூடுபட்டு இறந்துபோகிறான். அவனுடைய இரத்தம் ஒரு கோடாக வெளிக்கிட்டு, தெருவில் இறங்கி, படியேறி, மூலை திரும்பி, தாய் வீட்டுக்குள் வந்து, விரிப்பில் கறை படாமல் சுவரோரமாகப் போய்க் குசினியை அடைகிறது. அங்கே தாய் உர்சுலா பாண் சுடுவதற்காக 36 முட்டை உடைக்க ஆயத்தமாக நிற்கிறா. இரத்தம் விரிப்பில் படாமல் ஒதுங்கிப் போகிறதே, அது தாய் வளர்த்த பிள்ளையின் இரத்தம். செத்த பிறகும் வீட்டை ஊத்தையாக்கக் கூடாது என்று அதுக்குத் தெரியும். பக்கம் பக்கமாக ஒப்பாரி எழுதியிருந்தாலும் இந்த வேதனை வந்திராது. முட்டைக் கணக்கு பாண் பெக்ரரிக்காரனாகிய எனக்குச் சரியாகவே விளங்கியது. 36 முட்டை என்றால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் சுடுகிற பாண் இல்லை.

மூன்றாவது உதாரணம் ரெமேதியோஸ் என்கிற அழகான பெண். அவள் உடலோடு வானத்துக்குப் போய்விடுகிறாள். இந்த இடத்தை எப்படி நம்பும்படி எழுதுவது என்று தெரியாமல் மார்க்வெஸ் கனகாலம் கஷ்டப்பட்டாராம். ஒருநாள் வீட்டுத் தோட்டத்தில், உடுப்புத் தோய்க்க வருகிற பெண் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டுக்கொண்டு, காற்றோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டார். விரிப்புகளைச் சேர்த்துக்கொண்டால் அந்தப் பெண் மேலே போவாள் என்று அப்போது அவருக்கு விளங்கியது. நாவலில் அவள் விரிப்புகளோடு மேலே போகிறாள். வீட்டு மருமகளுக்கோ அதிசயத்தில் அக்கறை இல்லை. தன்னுடைய விரிப்புகள் போய்விட்டனவே என்பதுதான் கவலை! எங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு ஆள் இருப்பார். பெயர் சொல்லவில்லை.

அதிசயம் சாதாரணமாகிற அதே நேரத்தில், சாதாரணம் அதிசயமாகவும் மாறுகிறது. மாக்கொண்டோ சனத்துக்குப் பறக்கும் கம்பளம் பெரிய விடயம் இல்லை. ஆனால் ஐஸ் கட்டியைக் கண்டு திகைத்துப் போகிறார்கள். அதைத் தொட்டுப் பார்க்கக் காசு கொடுக்கிறார்கள். பொய்ப்பல்லும் காந்தமும் அவர்களுக்கு மந்திரம். இந்த நாட்டில் முதல் ஸ்நோவைக் கண்ட அன்று நாங்கள் எப்படி நின்றோம் என்று யோசித்துப் பாருங்கோ. இங்கே பிறந்த பிள்ளைகள் அதே ஸ்நோவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்களை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால், கிணத்துக்குள் எட்டிப் பார்த்து ஒரு மணித்தியாலம் நிற்கிறார்கள். எது அதிசயம் என்பது, பார்க்கிறவர் எங்கேயிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்தது.

இதன் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925 இல் பிரான்ஸ் றோ என்னும் ஜேர்மன் கலை விமர்சகர் அந்தக் காலத்துப் புதிய ஓவியங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தச் சொல்லைப் பாவித்தார். பிறகு இது இலத்தீன் அமெரிக்க இலக்கியத்துக்குப் போனது. கியூபா எழுத்தாளர் அலெஹோ கார்பெந்தியர் 1943 இல் ஹெயிற்றிக்குப் போய்வந்தார். 1949 இல் வந்த தனது நாவலின் முன்னுரையில், எங்கள் மண்ணில் அதிசயத்தை இட்டுக்கட்டத் தேவையில்லை, நிஜமே அதிசயமாகத்தான் இருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு சுவையான செய்தி: தான் ஹவானாவில் பிறந்ததாகச் சொல்லிவந்த இந்தக் கார்பெந்தியர் உண்மையில் பிறந்தது 1904 இல், நாங்கள் இருக்கிற இதே சுவிஸ் நாட்டின் லொசான் நகரில்.

அந்த நாவலில் மக்கண்டால் என்னும் அடிமை வருகிறான். வரலாற்றில் உண்மையாக வாழ்ந்தவன். வெள்ளை எசமான்களுக்கு எதிராகக் கிளம்பியவன். 1758 இல் பிடித்து, ஊர் பார்க்க உயிரோடு எரித்தார்கள். எசமான்கள் கண்டது ஒரு மனிதன் எரிந்ததை. நாவலில் வருகிற அடிமைகள் கண்டது அவன் கட்டை அவிழ்த்துக்கொண்டு பறந்து போனதை. அன்று அவர்கள் சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஒரே முற்றம், ஒரே நெருப்பு, இரண்டு காட்சி. பறந்தான் என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் ஹெயிற்றியின் அடிமைகள் பிறகு கிளர்ந்தெழுந்தார்கள் என்பது கார்பெந்தியரின் பார்வை. ஹெயிற்றி 1804 இல் விடுதலை அடைந்தது. ஆகவே மாயம் என்பது இங்கே வெறும் அலங்காரம் அல்ல. தோற்றுப்போனவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற காட்சி.

இனி இந்த உரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

1928 இல் கொலம்பியாவின் கரையோரத்தில் அமெரிக்காவின் யுனைற்றட் புறூட் கொம்பனிக்குப் பெரிய வாழைத் தோட்டங்கள் இருந்தன. நவம்பர் 12 அன்று தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். என்ன கேட்டார்கள்? கிழமையில் ஆறு நாள் வேலை, கிழமைக்கு ஒருக்கால் சம்பளம், கொம்பனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகிற துண்டுகளை நிறுத்திக் காசாகச் சம்பளம், வேலையில் அடிபட்டால் நட்டஈடு. இவ்வளவும்தான். கொம்பனியோ, இவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்று சொன்னது. டிசம்பர் 5 ஆம் திகதி இரவு சியெனாகா என்னும் ஊரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சனம் கூடியிருந்தது. கலைந்து போகச் சொல்லிச் சில நிமிடங்கள் அவகாசம் கொடுத்துவிட்டு இராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள்? கட்டளையிட்ட ஜெனரல் கோர்த்தேஸ் வார்காஸ் 47 பேர் என்று எழுதினார். அமெரிக்கத் தூதரகம் தனது அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் ஆயிரத்துக்கு மேல் என்று இருக்கிறது. சரியான தொகை இன்றுவரை தெரியாது.

மார்க்வெஸ் அப்போது இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை. அவருடைய ஊர் அந்த வாழைத் தோட்டப் பகுதியில்தான். இந்தச் சம்பவத்தை அவர் நாவலுக்குள் கொண்டுவந்தார். முதலில் நீதிமன்றம். கொம்பனிக்கு நிரந்தரத் தொழிலாளர் ஒருவரும் இல்லை, எல்லோரும் தற்காலிகம், ஆகவே தொழிலாளர் என்பவர்களே இல்லை என்று நாவலில் தீர்ப்பாகிறது. வாசிக்கச் சிரிப்பு வரும். இது மாயம் என்று நினைப்போம். ஆனால் நாவலில் உண்மைக்கு மிகக் கிட்டவாக இருக்கிற இடம் இதுதான். வேலை ஏஜென்சி மூலம் மூன்று மாத ஒப்பந்தத்தில் பெக்ரரிகளில் நிற்கிற எங்கடை ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு துப்பாக்கிச் சூடு. ஹொசே ஆர்காதியோ செகுந்தோ என்பவன் கண்விழிக்கும்போது, கிட்டத்தட்ட 200 பெட்டிகள் கொண்ட ரயிலில் பிணங்களுக்கு மேலே கிடக்கிறான். அவனுடைய கணக்கில் 3000 க்கு மேல். வாழைக்குலை ஏற்றுகிற அதே ரயில், கடலில் கொட்டுவதற்குக் கொண்டுபோகிறது. அவன் குதித்து, மழையில் நடந்து ஊருக்கு வருகிறான். ஒரு வீட்டில் பெண்ணொருத்தி கோப்பி ஊற்றிக் கொடுக்கிறாள். இத்தனை பேர் செத்துப்போனார்கள் என்று சொல்லுகிறான். இங்கே ஒருவரும் சாகவில்லையே என்று அவள் சொல்லுகிறாள். வீட்டிலும் அதே பதில். அரசும் அதையே சொல்லுகிறது: எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதன்பிறகு மழை பிடிக்கிறது. 4 வருடம், 11 மாதம், 2 நாள் விடாமல் பெய்கிறது.

இதில் எது மாயம்? மழையா? எனக்கு மழை மாயமாகத் தெரியவில்லை. ஒரு ஊர் முழுக்கக் கண்ணால் கண்டதை, ஊரே மறந்துபோனதுதான் மாயம். அதைச் செய்தது மந்திரவாதி அல்ல, அரசாங்கம். சாதாரண யதார்த்தக் கதையாக எழுதியிருந்தால் ஒரு துப்பாக்கிச் சூட்டைத்தான் எழுதியிருக்கலாம். மறுப்பு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டுவதற்கு அந்த ஐந்து வருட மழை தேவைப்பட்டிருக்கிறது. சபையோரே, மாய யதார்த்தத்தின் வேலை இதுதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். நம்பமுடியாதது உண்மையில் நடந்துவிட்டால், அதை எந்தக் குரலில் சொல்லுவது என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

எங்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் வெளிக்கிட்டு நடந்தது. எனக்கு அப்போது 7 வயது. அம்மா மறுநாளுக்குப் பயறு ஊறப் போட்டிருந்தவ. அதை எறிய மனமில்லாமல் தண்ணீரை வடித்துச் சீலைத் துணியில் முடிந்துகொண்டு நடந்தா. மழை. றோட்டில் கால் வைக்க இடமில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து முடிச்சை அவிழ்த்தால், பயறு முளைவிட்டிருந்தது. இதை என்னுடைய மகளுக்குச் சொன்னேன். “ஒரு இரவிலை முழு ஊருமா? அது கதை, அப்பா” என்றாள். பயறு முளைத்ததை மட்டும் நம்பினாள். பள்ளிக்கூடத்தில் பஞ்சில் வைத்து முளைக்கப் பண்ணியிருக்கிறாள். பிறகு அந்தப் பயற்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கினாள். 425 யானை என்பதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கதை வேறு, சாட்சியம் வேறு. 3000 என்ற தொகை நாவலின் அளவுக்கு ஏற்பத் தான் பெருப்பித்தது என்று மார்க்வெஸே பிற்காலத்தில் சொன்னார். பாருங்கோ என்ன நடந்தது என்று: கொலம்பியாவின் செனற் சபையில் ஒருவர், இறந்துபோன 3000 தியாகிகளுக்கு மௌன அஞ்சலி செலுத்தக் கேட்டாராம். இதை மார்க்வெஸ் 2002 இல் வந்த தன்னுடைய சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அரசு மறைத்த இடத்தை நாவல் நிரப்பிவிட்டது. இதில் நன்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. சனம் மறக்கவில்லை என்பது நன்மை. மறுக்க நினைக்கிறவனுக்கு, “பார், இது கதைப் புத்தகத்தில் வந்த தொகைதானே” என்று சொல்ல வழி கிடைப்பது ஆபத்து.

எங்களுக்கு இது வெறும் இலக்கியப் பிரச்சினை அல்ல. 2009 இல் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதற்கு, பொதுமக்கள் இழப்பே இல்லை என்று அப்போது இலங்கை அரசு சொன்னதும் இருக்கிறது, 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு எழுதியதும் இருக்கிறது. ஆகவே விசாரணையில், வாக்குமூலத்தில், ஆவணத்தில் நாலு பேரைக் கண்டிருந்தால் நாலு என்றுதான் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும். அங்கே ஒரு யானை கூடினாலும் முழுச் சாட்சியமும் கெட்டுப்போகும். கதையில் மழை ஐந்து வருடம் பெய்யலாம். ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்கக் கூடாது. இரண்டும் எங்களுக்குத் தேவை.

எங்களுக்குக் கிட்டவான எழுத்துகளிலும் இந்த முறை இருக்கிறது. புதுமைப்பித்தன் 1940களில் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார். கந்தசாமிப் பிள்ளை மயங்கி விழவில்லை. கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். தன்னுடைய வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார். மாய யதார்த்தம் என்ற சொல் தமிழுக்கு வருவதற்குக் கனகாலம் முந்தின கதை அது. 2022 இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் ஆங்கில நாவலின் நாயகன் செத்துப்போன ஒரு புகைப்படக்காரன். 1990 ஆம் ஆண்டுக் கொழும்பு. செத்த பிறகு அவன் போய்ச் சேருகிற இடம் சனம் நெரிபட்டு வரிசையில் நிற்கிற ஒரு கந்தோர் மாதிரி இருக்கிறது. தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஏழு இரவுகள்தான் அவகாசம். வரிசையும் துண்டும் தவணையும் அகதிகளாகிய எங்களுக்குத் தெரியாததா?

மெக்சிக்கோவின் ஹுவான் ருல்போவையும் சொல்லாமல் விடமுடியாது. ஆறு வயதில் தகப்பனைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். ரயர் கொம்பனி ஒன்றில் விற்பனையாளராக ஊர் ஊராகத் திரிந்தவர். 1955 இல் அவர் எழுதிய ‘பெத்ரோ பராமோ’ சின்னப் புத்தகம். மகன் ஒருவன் தகப்பனைத் தேடித் தாயின் ஊருக்குப் போகிறான். அங்கே அவனோடு கதைக்கிறவர்கள் எல்லோரும் செத்தவர்கள். தாய் சொன்ன பச்சைப் பசேல் என்ற ஊர் அங்கே இல்லை. முணுமுணுப்பு மட்டும் இருக்கிறது. கன வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போய், பூட்டிய வீடுகளுக்கு நடுவில் ஒழுங்கையில் நின்றவர்கள் இந்தப் புத்தகத்தை இரண்டு இரவில் வாசித்து முடிப்பார்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு விடயம். மாக்கொண்டோவுக்கு ஒருமுறை நித்திரை இல்லாத நோய் வருகிறது. இரவு வேலை செய்கிற நாங்கள் அதைக் கேட்டுச் சிரிக்கலாம். அந்தச் சனமும் முதலில் சந்தோஷப்பட்டது, கனக்க வேலை செய்யலாமே என்று. ஆனால் நித்திரை போன பிறகு ஞாபகம் போகத் தொடங்குகிறது. பொருட்களின் பெயர் ஒவ்வொன்றாக மறக்கிறது. தட்டார வேலை செய்கிற ஒருவன் தினமும் கையில் பிடிக்கிற சாமானின் பெயரையே மறந்துபோகிறான். பயந்துபோய் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டுகிறார்கள்: மேசை, கதிரை, கதவு, மாடு. பிறகு பெயர் மட்டும் போதாது என்று தெரிகிறது. மாட்டின் கழுத்தில், இதைத் தினமும் காலையில் கறக்கவேண்டும், பாலைக் காய்ச்சிக் கோப்பிக்கு ஊற்றவேண்டும் என்றும் எழுதித் தொங்கவிடுகிறார்கள். எழுத்தே மறந்துபோனால் என்ன செய்வது என்ற பயம் அதற்கும் பின்னால் நிற்கிறது.

எங்கள் தமிழ்ப் பாடசாலையில் முதலாம் வகுப்புச் சுவரில் மேசை, கதிரை, கதவு என்று எழுதித்தான் ஒட்டியிருக்கிறது. ரீச்சர்மார் செய்வது பெரிய தொண்டு. ஆனால் உலக்கை என்று எழுதி ஒட்டினால் மட்டும் பிள்ளைக்கு உலக்கை தெரியாது. யார் இடித்தது, எந்த நேரத்தில் சத்தம் கேட்கும், இடிக்கும்போது அப்பம்மா என்ன கதை சொன்னா என்பதும் சேர்ந்து வந்தால்தான் அந்தச் சொல் உயிரோடு நிற்கும். அந்த நாவலில் நோய்க்கு மருந்து கொண்டுவருகிறவன் ஊர் ஊராகத் திரிகிற ஒரு நாடோடிக் கிழவன். எங்களிடமும் அப்படியான ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் புத்தாண்டில் எனது தாழ்மையான வேண்டுகோள் இதுதான். அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா, மாமா என்று வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், பிள்ளைகள் ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து கேளுங்கோ. கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கோ. “போர் எப்பிடி இருந்தது?” என்று கேட்டால் அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். “அண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்? எத்தனை மணி? கையிலை என்ன கொண்டு வந்தனீங்கள்?” என்று கேளுங்கோ. கதை தானாக வரும். முனி வந்தால் முனியையும் வெட்டாமல் எழுதுங்கோ, செல் வந்தால் செல்லையும் எழுதுங்கோ. அவர்கள் சொன்ன அதே குரலில் எழுதுங்கோ. கண்டது எது, கேட்டது எது என்று பக்கத்தில் குறித்தும் வையுங்கோ. மலர்க் குழுவினர் அடுத்த வருடம் அதற்கு நாலு பக்கம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை பார்க்க நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை.